வீட்டு ஒலிப்பதிவில் அறையின் கார்வை

பங்சார் என்னும் பெயரே ஒரு ரப்பர் தோட்டத்தின் எச்சம். புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய வணிகர் இருவரின் பெயர்கள் இணைந்து தோட்டப் பெயராகி, பின்னர் இவ்வாறு மருவின என்பர். இன்று அங்கே பால்மரங்கள் இல்லை. ஆயினும் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோர் பலர் பங்சாரிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தம் பிள்ளைகளின் வீடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் பேச்சைப் பதிவுசெய்ய மாணவர்கள் முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. அவர்கள் நம்மிடம் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு: அறையில் இயல்பாக எழும் கார்வையோடு குரலைப் பதிவதா, வெறுங்குரலைப் பதிந்து பின்னர்க் கணினியில் கார்வையைச் சேர்ப்பதா?

இவ்வினாவின் அருமையை நாம் ஒரு பிழையின் வழியே உணர்ந்தோம். பல ஆண்டுகளுக்கு முன் பங்சாரில் ஒரு மூதாட்டியின் பேச்சைப் பதிந்தோம். டைல் பதித்த தரையும் வெறுஞ்சுவரும் கண்ணாடிச் சன்னலும் கொண்ட முன்கூடம் அது. நடுமேசையில் கருவியை வைத்துவிட்டு எட்ட அமர்ந்தோம். பதிவைக் கேட்டபோது குரல் கோயில் மண்டபத்தில் ஒலிப்பதுபோல் கம்பீரமாக இருந்தது. எழுத்தில் வடிக்கப் புகுந்தபோதுதான் இடர் தோன்றியது. விடியற்காலையில் தொழிலாளரைத் திரட்டிப் பெயரழைப்பதைக் குறிக்கும் 'பெரட்டு' என்னும் சொல்லை, முன்பே அறிந்திருந்தமையால் நாம் இனங்கண்டோம். உடனிருந்த மாணவரோ 'பெரடு' என்று எழுதியிருந்தார். வேறொரு சொல் நமக்கும் புதிது. அதன் நடுவில் இருப்பது ஒற்றை வல்லினமா, இரட்டையா எனத் துணிய இயலவில்லை. மறுமுறை கேட்க அம்மூதாட்டி இன்றில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? குரல் ஒலிவாங்கியை முதலில் நேராக அடைகிறது. பின்னர்ச் சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிய ஒலிகள் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. நம் நாட்டு வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். எனவே 3.5 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டு மீள 0.02 நொடியே போதும். இவை எதிரொலிபோல் தனித்துக் கேளாமல், ஒன்றோடொன்று கலந்து நீண்டு தேய்கின்றன. இதனையே எதிர்முழக்கம் என்கிறோம். இசைவழக்கில் கார்வை எனலாம்.

இதனை அளக்கும் முறையை 1890களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன் கண்டறிந்தார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் தேய்வதற்கான நேரம் கிடைக்கும். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள கூடத்தின் கன அளவு 90. உறிஞ்சும் பரப்பு 10 சதுர மீட்டராயின் கார்வை 1.45 நொடி நீளும். திரைச்சீலையும் மெத்தையும் சேர்ந்து அப்பரப்பு 30 ஆயின், 0.48 நொடியில் அடங்கும்.

தமிழுக்கு இக்கணக்கு ஏன் முதன்மையானது? தொல்காப்பியம் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தது. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை வகுத்தது. 'பாடு' என்பதில் நா ஒருகணம் தொட்டு விலகுகிறது. 'பாட்டு' என்பதிலோ ஏறத்தாழ 0.1 நொடி ஒலியை அடைத்து நிற்கிறது. அந்தச் சிறு மௌனமே இரட்டித்த வல்லினத்தின் அடையாளம். கார்வை 1.45 நொடி நீளும் கூடத்தில் அம்மௌனத்திற்குள் முன்னுயிரின் கார்வை 4 டெசிபெல் அளவே தேய்கிறது, 0.48 நொடிக் கூடத்தில் 12 டெசிபெலுக்கு மேல் தேய்ந்துவிடும். ஒலிவாங்கி தொலைவில் இருந்தால் மௌனம் கார்வையால் நிரம்பிவிடுகிறது. அறிந்த சொல்லாயின் இடம் நோக்கி உய்த்துணரலாம். வழக்கொழியும் சொல்லுக்கு ஒலி ஒன்றே சான்று.

செயற்கைக் கார்வை இழிந்ததன்று. 1947இல் பில் புட்னம் என்னும் ஒலிப்பதிவாளர் சிக்காகோவில் ஒரு குளியலறையையே கார்வை அறையாகப் பயன்படுத்தினார். 1957இல் இரும்புத் தகட்டை அதிரச்செய்து கார்வை தரும் கருவி ஜெர்மனியில் வந்தது. 1960களின் தொடக்கத்தில் மன்ஃபிரட் ஷ்ரோடர் கணினிவழிக் கார்வைக்கு வித்திட்டார். இன்று கைப்பேசியிலேயே அது கிடைக்கிறது. பள்ளி நாடகத்திற்கும் பாடலுக்கும் அது அழகு சேர்க்கும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. வெறுங்குரலுக்குக் கார்வையை எப்போதும் சேர்க்கலாம். குரலோடு கலந்து பதிந்த கார்வையை முற்றாகப் பிரிக்க இயலாது. அதனை நீக்குவதாகச் சொல்லும் மென்பொருள்கள் ஊகத்தால் இயங்குபவை. நாம் தேடும் 'ட்' அந்த ஊகத்திலேயே பிறந்துவிடக்கூடும்.

அதற்காக இயற்கைக் கார்வையை முழுதும் ஒதுக்கவும் வேண்டா. கோயில் மண்டபத்துக் கூட்டுப் பாடலில் மண்டபமும் ஒரு பகுதி. அத்தகைய இடங்களில் ஒலிவாங்கி ஒன்றை வாயருகிலும் மற்றொன்றை எட்டவும் வைத்துத் தனித்தனியே பதிதல் நன்று. வீட்டில் ஒன்றே போதும். ஆனால் அது அருகில் இருக்கவேண்டும். தொலைவைப் பாதியாக்குந்தோறும் நேரொலி 6 டெசிபெல் உயரும். கார்வையோ பெரிதும் மாறாது. 2 மீட்டரிலிருந்து ஏறத்தாழ ஒரு சாணுக்குக் கொணர்ந்தால் ஆதாயம் 18 டெசிபெல்.

எனவே ஆசிரியர்கள் மாணவரிடம் சொல்லவேண்டியவை சில. முன்கூடத்தை விடுத்து, மெத்தையும் துணியலமாரியும் உள்ள படுக்கையறையைத் தேர்க. காற்றாடியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துக. பேசுவோர்க்குப் பின்னே தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிடுக. பேச்சுக்கு முன் அரை நிமிடம் அறையின் அமைதியை மட்டும் பதிக. மூலப் பதிவில் எதனையும் சேர்க்காது காத்து, கார்வை வேண்டுமாயின் படியில் சேர்க்க.

இவை அனைத்திற்கும் முன் ஒருமுறை கைந்நொடித்துக் கேட்கச் சொல்லுக. நொடியொலி பட்டென நின்றால் அவ்வறையில் அமரலாம். இழுபட்டால் வேறு அறை தேடுக. பாட்டியோ தாத்தாவோ பேசத் தொடங்குமுன் செய்யவேண்டிய வேலை அது.