கவிழ்த்தாலும் விழாத தண்ணீர்! தெரியுமா?

சிலாங்கூரின் பாகான் நக்கோடா ஓமாரில் ரொட்டி சானாய் போடுகிறவர் டப்பாவைக் கவிழ்த்தாலும் மார்ஜரின் விழாது. அதையே கையால் வழித்து மாவில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு பரவுகிறது! வழக்கமான மார்ஜரினில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர் என்பது தெரியுமா?

அந்தத் தண்ணீர் ஏன் ஒழுகவில்லை? எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் காக்கும் லெசித்தின் போன்ற பால்மமாக்கிகள் கொஞ்சம் உதவும். ஆனால் பெரிய வேலையைச் செய்வது கொழுப்பே உறைந்து உருவாகும் நுண்படிகங்கள். சில மைக்ரான் அகலமே உள்ள ஒவ்வொரு துளியையும் அவை சூழ்ந்து ஒட்டிக்கொள்கின்றன. மிச்சப் படிகங்கள் ஒன்றையொன்று பற்றி, டப்பா முழுக்க வலை பின்னிவிடுகின்றன. புவியீர்ப்பின் இழுப்புக்கு அந்த வலை அசையாது. கை அழுத்தும்போது அறுந்து வழிகிறது. அழுத்தம் நின்றதும் மறுபடி கட்டி!

வேடிக்கை என்னவென்றால், வலையின் இழைகள் எல்லாம் ஒரே ரகமில்லை. மெல்லிய பிடிப்புகள் அறுந்தாலும் சும்மா வைத்தால் மீண்டும் கூடும். படிகத்தோடு படிகம் வளர்ந்து ஒன்றிய பிடிப்புகள் அறுந்தால் அறுந்ததுதான். நன்றாகப் பிசைந்த மார்ஜரின் பழைய இறுக்கத்துக்குத் திரும்பாதது இதனால்தான்.

இப்படித் துகள்களால் பிரியாமல் நிற்கும் எண்ணெய்-தண்ணீர்க் கலவைக்குப் 'பிக்கரிங் பால்மம்' என்று பெயர். 1903இல் வால்டர் ராம்ஸ்டன் இதைக் கவனித்துச் சொல்லியிருந்தார். பெயரைத் தட்டிச் சென்றவரோ 1907இல் எழுதிய ஸ்பென்சர் பிக்கரிங்! பாவம் ராம்ஸ்டன். பிக்கரிங் பழத்தோட்ட ஆராய்ச்சிக்காரர். பூச்சி மருந்துக்கு எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கப்போய், செம்பு உப்புத் துகள்களே கலவையைத் தாங்குவதைக் கண்டார். துளியின் மேல் வசதியாக உட்கார்ந்த ஒரு துகளை, அதன் ஆரம் பத்து நானோமீட்டரே இருந்தாலும், பெயர்க்க மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் ஆற்றல் தேவைப்படலாம். அம்மாடி!

1869இல் பிரான்சின் மேஜ் மூரியே மாட்டுக்கொழுப்பில் செய்த மார்ஜரினுக்கு, இன்று செம்பனை எண்ணெய் முக்கிய மூலப்பொருள். மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவும் நம் கோல சிலாங்கூர் பக்கம்தான்: 1917, தென்னமரம் தோட்டம், நட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே.

தண்ணீரைப் பிடித்து வைப்பது படிகங்கள்தான் என்பதில் சந்தேகமா? ஒரு கரண்டி மார்ஜரினை உருக்கி அப்படியே வையுங்கள். படிகம் உருகியதும் காவல் போயிற்று. தண்ணீர் அடியில் தனியே இறங்கிவிடும். ஆறவைத்தாலும் பழைய மார்ஜரின் வராது.