‘பணம் இல்லை’ என்று சொல்லத் தயங்காதீர்கள்: காப்பீடு இல்லாதோர்க்கும் பல் மருத்துவம்

எமது இதய நோய்ப் பிரிவுக்கு மாதந்தோறும் வந்துசெல்லும் ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். அவருடைய ஒப்புதலைப் பெற்று, அடையாளம் தெரியாத வகையில் இதனை எழுதுகிறோம்.

சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்து, பின்னர் உலோக வால்வு பொருத்தப்பட்டவர் அவர். பூக்கட்டி விற்றுப் பிழைப்பவர். ஐந்தாண்டுகளாக இரத்தம் உறையாமலிருப்பதற்கான மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கும் தவறாமல் வருவார். அப்படிப்பட்டவர் ஒருமுறை, மூன்று வாரங்களாக விட்டுவிட்டு வந்த குளிர்காய்ச்சலோடும் மூச்சிரைப்போடும் எங்களிடம் வந்து சேர்ந்தார். இரத்தத்தில் வளர்ந்த கிருமி, மனிதரின் வாயில் இயல்பாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையைச் சேர்ந்தது. அது வால்வில் குடியேறியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தோம். கீழ்க்கடைவாய்ப் பல்லொன்று வேர்வரை சொத்தையாகி, ஈறு சீழ்கட்டியிருந்தது.

“இந்தப் பல் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, அம்மா?” என்று கேட்டோம்.

“எட்டு மாசமாச்சு டாக்டர். எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு இடத்துல காட்டினேன். ரூட் கேனால் பண்ணணும், கேப் போடணும்னாங்க. தொகையைக் கேட்டதும், மகளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். காசில்லைன்னு சொல்ல வாய் வரல.”

எட்டு மாதங்களும் கிராம்பையும் மருந்துக்கடை வலி மாத்திரையையும் கொண்டு சமாளித்திருக்கிறார். ஆறு வாரங்கள் நரம்பு வழியாக மருந்து செலுத்தினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒற்றைப் பல்லுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவைப்போலப் பல மடங்கை அவருடைய குடும்பம் இழந்தது. உடனிருந்த மகளின் வேலையும் போயிற்று.

இதில் எங்கள் தவறும் உண்டு. அவருடைய மருத்துவக் கோப்பைப் புரட்டிப் பார்த்தோம். ஐந்தாண்டுப் பரிசோதனை அளவுகள் வரிசையாக இருந்தன. பல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதே வளாகத்தில், இரண்டு கட்டடங்கள் தள்ளி, வருமானத்திற்கேற்பக் கட்டணம் பெறும் பல் மருத்துவப் பிரிவு இயங்கி வருகிறது. அதன் வாசலை அவர் மாதந்தோறும் கடந்து சென்றிருக்கிறார். கட்டணச் சலுகை உண்டென்று பலகையில் எழுதப்படவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவருக்குத் தடையாக நின்றது பணமின்மை மட்டுமன்று. இங்கே கேட்கலாம் என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லாததும்தான்.

வாய்க்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு

பல் வலியால் உயிர் போகாது என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. இதய நோய், நீரிழிவு நோய் உள்ளவர்கள் அதனை நம்பியிருத்தல் கூடாது.

செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள், முன்பு வால்வில் கிருமித்தொற்று ஏற்பட்டவர்கள், பிறவியிலேயே வரும் சில இதயக் குறைபாடுகள் உடையவர்கள் ஆகியோருக்கு, வாயிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி பேராபத்தாக முடியக்கூடும். ஆகவே, பல் பிடுங்குதல், ஈறுகளைத் தொட்டுச் செய்யும் சுத்தம் முதலியவற்றுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பே இவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுக்கப்படுகிறது.

நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு கெடும். ஈறு அழற்சி நீடித்தால் சர்க்கரை கட்டுப்படாது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்றவர்களிடம், மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கூடுதலாக ஒரு மாத்திரை எழுதுமுன் ஈறுகளைப் பார்ப்பது நல்லது என்று எங்கள் நீரிழிவுப் பிரிவு மருத்துவர்கள் கூறுவது இதனால்தான்.

தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறப்போகிறவர்களும், எலும்பை வலுப்படுத்தச் சில வகை ஊசிகளைப் போட்டுக்கொள்ளப் போகிறவர்களும், சிகிச்சை தொடங்குமுன்பே பற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பின்னர் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

காப்பீடு ஏன் கைகொடுப்பதில்லை?

“காப்பீட்டு அட்டை இருக்கிறதே, பல்லுக்குப் பயன்படுத்தலாமா?” என்று பலர் கேட்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், உள்நோயாளியாகத் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. விபத்தில் தாடை முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தால் ஒருவேளை கிடைக்கலாம். சொத்தையை அடைப்பதற்கும் பல்லைச் சுத்தம் செய்வதற்கும் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பெரிய சிகிச்சைகளை முன்வைத்து அமைந்ததே. அன்றாடப் பல் மருத்துவத்திற்காக அமைந்ததன்று. எனவே, பல்லுக்கான செலவு பெரும்பாலும் நேரடியாகக் குடும்பத்தின் கையிலிருந்தே போகிறது. மாதக் கடைசியில் முதலில் தள்ளிவைக்கப்படுவதும் அதுவே.

வருமானத்திற்கேற்ற கட்டணம்

ஒரே சிகிச்சைக்கு, வசதி உள்ளவர் முழுக் கட்டணமும், குறைந்த வருமானம் உடையவர் அதற்கேற்பக் குறைந்த கட்டணமும் செலுத்துவதே இம்முறை. அமெரிக்காவில் 1960களில் தோன்றிய சமூக நல மருத்துவ மையங்கள், வருமானத்தையும் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கட்டணத்தைக் குறைக்கும் வழக்கத்தைப் பரப்பின. நம் மண்ணிலும் இதற்கு நெருங்கிய முன்மாதிரி உண்டு. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, செலுத்த இயன்றவர்களின் கட்டணத்தைக் கொண்டே இயலாதவர்களுக்கும் தரமான அறுவை சிகிச்சை தர முடியும் என்பதை நிலைநாட்டியது.

எமது பல் மருத்துவப் பிரிவில் கட்டணம் நான்கு படிகளாக உள்ளது: முழுக் கட்டணம், முக்கால், அரை, பதிவுக் கட்டணம் மட்டும். எந்தப் படி என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை. மருத்துவ சமூகப் பணியாளர் தனியறையில் உங்களோடு பேசி, வருமானத்தையும் வீட்டில் உண்போர் எண்ணிக்கையையும் கேட்டு முடிவு செய்கிறார். மருத்துவரின் சீட்டில் கட்டணப் படி குறிக்கப்படுவதில்லை. நாற்காலி ஒன்றே, மருத்துவரும் ஒருவரே, அடைக்கும் பொருளும் ஒன்றே.

குடும்ப அட்டையையும் ஆதார் அட்டையையும் கொண்டுவாருங்கள். இ-சேவை மையம் வழியாகப் பெற்ற வருமானச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டாம். தினக்கூலிக்குச் செல்வோரிடம் சம்பளச் சீட்டு இராது என்பதை அறிவோம். முதல் வருகைக்கு உங்கள் வாய்மொழியே போதும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கேப், பல்செட் போன்றவை வெளிக்கூடத்தில் செய்து வாங்கப்படுபவை. அதற்கான செலவை முழுமையாகக் குறைக்க எங்களால் இயலாது, தவணையில் செலுத்தலாம்.

முதல் வருகையில் கேட்க வேண்டியவை

மருத்துவர் ஒரு தொகையைச் சொன்னதும் மிரண்டு எழுந்துவிடாதீர்கள். பின்வரும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: “இவற்றுள் எது அவசரம்?” சீழும் தொற்றும் வலியும் உடனே கவனிக்க வேண்டியவை. காப்பாற்றக்கூடிய சொத்தைப் பற்களை அடுத்துச் செய்யலாம். இழந்த பல்லுக்கு மாற்று வைப்பதும் அழகுக்கான சிகிச்சையும் அதன் பின்னர் வரலாம். முழுச் செலவும் ஒரே நாளில் வருவதன்று என்று தெரிந்தாலே பாதிப் பயம் தீரும்.

இரண்டாவது: “இதற்கு வேறு வழி உண்டா, அதன் விலை என்ன?” இழந்த பல்லுக்குக் கழற்றி மாட்டும் பல்செட் உண்டு, நிலையான பாலப் பல் உண்டு, எலும்பில் பொருத்தும் இம்பிளான்ட்டும் உண்டு. விலையில் பெரும் வேறுபாடு இருக்கும். உங்கள் வயதுக்கும் உடல்நிலைக்கும் எது பொருந்தும் என்று கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது: “இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?” இன்று சிறு அடைப்போடு தீர்வது, நாளை வேர்ச் சிகிச்சையாகும், அதற்கும் பின் பிடுங்குவதாகும். பிடுங்குவது மலிவாகத் தோன்றும். ஆனால் அவ்விடத்தில் மாற்றுப் பல் வைக்கும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. ஏற்கெனவே ஈறு கீழிறங்கிய இடத்தைக் காரை மூடியிருக்கும். காரையை எடுத்ததும் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. ஆட்டத்துக்குக் காரணம் காரையும் ஈறு நோயும். சுத்தம் செய்தது அன்று.

இங்கு வர இயலாதவர்களுக்கு

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும், பல வட்ட மருத்துவமனைகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றிலும் பல் மருத்துவர்கள் உள்ளனர். சென்னையில், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்திலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. புதுக்கோட்டையில் 2023இல் புதிதாகத் தொடங்கப்பட்டது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியில் ஆகும் செலவைவிடக் குறைவாகவே சிகிச்சை பெறலாம். அங்கே பயிற்சி மருத்துவர்கள், ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை அளிப்பார்கள். அதனால் நேரம் கூடுதலாகும். இரண்டு முறையில் முடிவது நான்கு முறை ஆகலாம். பொறுமைக்கு ஈடாகப் பணம் மிஞ்சும்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளர்களுள் பலர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கிறார்கள். அத்திட்டத்தின் மருத்துவமனைகளில் பல் சிகிச்சையும் உண்டென்பதை அவர்களில் பலர் அறிவதில்லை. ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

எச்சரிக்கைகள் சில

இரத்தம் உறையாமலிருப்பதற்கான மாத்திரை உட்கொள்பவர்கள், பல் பிடுங்க வேண்டுமென்று தாங்களாகவே அதனை நிறுத்திவிடக் கூடாது. பல் மருத்துவரிடம் உங்கள் மாத்திரைச் சீட்டையும் அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவையும் காட்டுங்கள். அவர் எங்களைக் கேட்டு முடிவு செய்வார். வலி மாத்திரைகளை நாட்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். முன்பு எப்போதோ எழுதித் தந்த ஆன்டிபயாட்டிக்கை மீண்டும் வாங்கிப் போட்டுக்கொண்டால், வலி தற்காலிகமாக அடங்கலாம். நோயின் வேர் அப்படியே இருக்கும்.

வாயில் புண் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாமலிருந்தாலும், வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தோன்றினாலும் உடனே காட்டுங்கள். புகையிலை பழக்கம் உள்ளவர்கள் வலி இல்லையென்று இருந்துவிடக் கூடாது. முகவீக்கம் கழுத்துக்குப் பரவினாலோ, வாய் திறக்க முடியாமற்போனாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் ஏற்பட்டாலோ, பணத்தை எண்ணாமல் அந்நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

இப்போது எங்கள் இதய நோய்ப் பிரிவின் ஒவ்வொரு கோப்பிலும் “பல், ஈறு” என்று ஒரு வரி உண்டு. பல் மருத்துவப் பிரிவின் வாசற்பலகையில், “வருமானத்திற்கேற்ற கட்டணம், கேளுங்கள்” என்று எழுதியிருக்கிறோம். அந்த வாசகத்தைத் தொலைவிலிருந்தும் படிக்கும்படி பெரிதாக எழுதச் சொன்னவர் அந்த அம்மையாரே.

அவர் இப்போதும் மாதந்தோறும் வருகிறார். பழுதான பல் எடுக்கப்பட்டுவிட்டது; மற்ற மூன்று சொத்தைகள், அரைக் கட்டணத்தில், மூன்று மாத இடைவெளியில் அடைக்கப்பட்டன. சென்ற மாதம் தம் தெருவில் உள்ள இன்னொரு பெண்மணியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்தவர் எங்கள் முன் ஒன்றும் பேசாமல் நின்றார். “கூச்சப்படாம சொல்லு, இங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று அவரை முன்னே தள்ளியவர் அவர்தான்.

அதையே உங்களுக்கும் சொல்கிறோம். பணமில்லை என்பதை மறைத்தால் எங்களால் உதவ இயலாது. சொன்னால், ஏதேனும் ஒரு வழியைச் சேர்ந்தே தேடலாம்.