கட்டணமில்லா இணையவழிப் பாடங்களும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

நுழைவுத் தகுதியோ கட்டணமோ இன்றிப் பல்லாயிரவர் ஒருங்கே பயிலும் இணையவழிப் பாடமுறை, 2008இல் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்ட ஒரு பாடத்தையொட்டித் தனிப்பெயர் பெற்றது. 2012இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மின்சுற்றுகள் குறித்து நடத்திய பாடத்திற்கு ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தனர். தேர்ச்சி பெற்றோர் 7,157 பேர். இது நூற்றுக்கு ஐவரினும் குறைவு. எனினும் இதனைத் தோல்வி எனத் தள்ளிவிட இயலாது. ஆண்டுக்கு நூறு மாணவர் கொண்ட வகுப்பில் இத்தொகையினரை உருவாக்க எழுபது ஆண்டுகள் வேண்டும்.

இந்தியாவில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம் இதற்கு முன்னோடி. 2017இல் 'ஸ்வயம்' தளம் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தின் பாடங்களுள் 20 விழுக்காடு வரை இவ்வழியில் பயில 2016இல் இசைவளித்து, 2021இல் அதனை 40 விழுக்காடாக உயர்த்தியது. மதிப்பெண்ணுக்குரிய பாடமாகிவிட்ட பின், துணைத்தலைப்பில் நேரும் பிழை மாணவரின் தேர்ச்சியையே தாக்கும். மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு இங்குத்தான் கூடுகின்றது.

விரிவுரை என்பது அச்சு நூலன்று; பேச்சும் படமும் சுட்டலும் கலந்தது. 'மின்னோட்டம் குறையும்' என்பதை முதலிலும், 'இந்த மின்தடையைக் கூட்டினால்' என்பதைப் பின்னரும் கூறுவது ஆங்கிலத்தில் இயல்பு. ஆசிரியரின் சுட்டுகோலும் அவ்வரிசையிலேயே நகரும். தமிழிலோ நிபந்தனை எச்சம் முன்வரும். முடிக்கும் வினை இறுதியில் நிற்கும். எனவே சுட்டுகோல் மின்னோட்டத்தின்மேல் இருக்கும்போது திரையில் மின்தடை பற்றிய சொற்கள் தோன்றுகின்றன. தொடர் இலக்கணப்படி பிழையற்றது; கற்பவர்க்கோ குழப்பம் தருவது. 'மின்னோட்டம் குறையும், இந்த மின்தடையைக் கூட்டினால்' எனப் பேச்சுவழக்குப்போல் முறைமாற்றி எழுதுவது இவ்விடத்தில் ஏற்கத்தக்கதேயாகும். எழுத்துநடையில் தோய்ந்த மொழிபெயர்ப்பாளர் இதற்குத் தயங்குவர், அத்தயக்கம் தேவையற்றது.

கலைச்சொல் சிக்கல் வேறு வகையினது. தமிழகப் பாடநூல்கள் 'ஆற்றல்', 'திறன்' என்பவற்றை இலங்கைப் பாடநூல்கள் முறையே 'சக்தி', 'வலு' என வழங்குகின்றன. இணையப் பாடத்திற்கு நாட்டெல்லை இல்லையாதலின், ஒரே துணைத்தலைப்பு இருசாராரையும் சென்றடையும். பேச்சுத்தமிழில் 'சக்தி' பலபொருளில் வருவதால் தமிழக மாணவர் அதனைக் கலைச்சொல்லாகவே உணராமல் போகவும் கூடும். சொல் முதலில் வருமிடத்தில் இரு வடிவங்களையும் தந்து, பின்னர் ஒன்றையே ஆளுதல் எளிய வழி.

இவற்றுக்கெல்லாம் விரிவுரையின் எழுத்துப்படி மட்டும் போதாது. காணொளியும் ஒவ்வொரு தொடருக்கும் உரிய கால அளவும் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வரவேண்டும். எழுத்துப்படியை மட்டுமே உள்வாங்கும் எந்திர மொழிபெயர்ப்பைத் திருத்துவோர்க்கும் இது பொருந்தும்.