பட்டி உண்டு, படல் திறக்கவில்லை

சேந்தமங்கலத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவி ஒருவர், கல்வி உதவித்தொகைக்கான படிவத்தைத் தேடித் தருமாறு கைப்பேசியுடன் என்னிடம் வந்தார். அவர் பயிலும் நிறுவனத்தின் இணையதளம் திறந்தது; கட்டடத்தின் படமும் வாழ்த்துச் செய்தியும் பளிச்சிட்டன. 'மாணவர்' என்னும் தலைப்பைத் தொட்டபோது பக்கம் மேலே தாவியதே தவிர, வேறொன்றும் நிகழவில்லை. என் மேசைக் கணினியில் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. சுட்டியை அத்தலைப்பின் மேல் நிறுத்தினால் துணைப்பட்டியல் விரிகிறது. படிவம் அதற்குள் இருக்கிறது. கைப்பேசியில் சுட்டி ஏது?

தகவலைத் தேடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை 1961-இல் 'தகவலின் பொருளாதாரம்' என்ற கட்டுரையில் ஜார்ஜ் ஸ்டிக்லர் விளக்கினார். அந்த விலையை யார் செலுத்துகிறார் என்பதே இங்குக் கேள்வி. தளத்தை வடிவமைத்தவர் ஒருநாள் உழைப்பை மிச்சப்படுத்துகிறார். அதற்கு ஈடாக, கணினி இல்லாத ஒவ்வொரு மாணவரும் பேருந்துக் கட்டணமும் கணினி மையத்துக்குக் கூலியும் தருகிறார். செலவு மறையவில்லை, வலியவரிடமிருந்து எளியவர் தோளுக்கு இடம் மாறியிருக்கிறது.

இதற்கான தீர்வு புதிதன்று. திரைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வடிவமைப்பு முறையை ஈத்தன் மார்காட் 2010-இல் முன்வைத்தார். கணினிக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று என இரண்டு தளங்கள் வேண்டியதில்லை. ஒரே பக்கம் திரையின் அகலத்தை அறிந்து ஒழுங்கமையும். ஆயத்த வார்ப்புருக்களில் பெரும்பாலும் இவ்வசதி உள்ளது. நாமக்கல் உள்ளிட்ட மாவட்ட நிர்வாகங்களின் தளங்கள் தேசிய தகவலியல் மையத்தின் பொதுக் கட்டமைப்பில் இயங்குவதால் அவற்றிலும் உள்ளது. 'எங்களுக்கென்றே தனியாக' வார்ப்புரு செய்துகொள்ளும் நிறுவனங்களில்தான் இது விடுபட்டுப் போகிறது.

செய்ய வேண்டியவை சில. கைப்பேசியின் உண்மையான அகலத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்லும் 'வியூபோர்ட்' வரி பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்க வேண்டும். பட்டியை முதலில் சிறிய திரைக்காக, மேலிருந்து கீழாக எழுத வேண்டும். இடம் போதுமானால் மட்டுமே அது கிடைமட்டமாக விரியலாம். துணைப்பட்டியல் ஒவ்வொன்றுக்கும் தொட்டால் திறக்கும் பொத்தான் தேவை. அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைத் திரைவாசிப்பான் பார்வையற்றவருக்குச் சொல்லும்படி அமைய வேண்டும். நிரல் இயங்காமற்போனால் பட்டி மூடிக்கிடக்காமல் திறந்தே இருக்க வேண்டும். தொடுமிடம் குறைந்தது 24 புள்ளி அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது 2023-இல் வெளியான உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறை; விரல் நடுங்கும் என்னைப் போன்றோருக்கு அதுவும் போதாது.

தமிழுக்கென ஒரு கவனமும் தேவை. 'ஆர்.டி.ஐ.' என்று ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளில் முடிவது, தமிழில் 'தகவல் அறியும் உரிமை' என நீள்கிறது. ஆங்கிலச் சொற்களுக்கு அளவெடுத்த பட்டியில் தமிழ் பிதுங்கும், அல்லது பாதியில் வெட்டுப்படும். ஆகவே, பட்டி எந்த அகலத்தில் மடிய வேண்டும் என்பதைத் தமிழ்ச் சொற்களை இட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மூன்று கோடுகள் கொண்ட குறியை நார்ம் காக்ஸ் 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்தார். அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும் என்று நாமாகக் கருதுகிறோம். அருகில் 'பட்டி' என்று ஒரு சொல் எழுதினால் குறைந்துவிடுவது ஒன்றுமில்லை.

இணையதளத்துக்குப் பணம் கொடுக்கும் கல்லூரிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் நிரல் கற்க வேண்டியதில்லை. தொகையை வழங்குமுன், விலை குறைந்த கைப்பேசி ஒன்றை மாணவர் ஒருவரிடம் கொடுத்து, அதிகம் தேடப்படும் படிவத்தை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியவில்லையெனில் வேலை முடியவில்லை என்று பொருள்.

எங்கள் பகுதியில் பட்டி என்றால் ஆடுகளை அடைக்கும் இடம். அதன் வாயிலில் படல் இருக்கும். பட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், காலையில் படலைத் திறக்காவிட்டால் ஆடுகள் பட்டினிதான்.