நூலகர் வாய் திறந்தால்: வலையொலியில் நூல் பரிந்துரையும் நம் மாணவரின் உரையாடலும்



வாய்மொழிப் பயிற்சியில் நம்மில் பலர் கேட்கும் ஒரு கேள்வி இது: "அண்மையில நீ படிச்ச புத்தகம் எது?" மாணவர் தலைப்பைச் சொல்வார். எழுத்தாளர் பெயரையும் சொல்லிவிடுவார். "ஏன் பிடிச்சுது?" என்று அடுத்துக் கேட்டால், "அது ஒரு சிறந்த கதை, எனக்கு மிகவும் பிடிக்கும்" என்ற மனப்பாட வாக்கியம் வரும். பிறகு அமைதி.

இந்த அமைதிக்குக் காரணம் என்ன? மாணவர் படிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் அது சரியில்லை. படித்திருப்பார். ஆனால் ஒரு புத்தகத்தைப் பற்றி இரண்டு பேர் தமிழில் பேசுவதை அவர் கேட்டதே இல்லை. கேட்காத ஒன்றை எப்படிப் பேசுவது? நீச்சல் குளத்தையே பார்க்காதவரை நீந்தச் சொல்வது போலத்தான் இது.

இந்தக் குறையைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. நூலகர்கள் வலையொலியில் செய்யும் நூல் பரிந்துரை உரையாடல்தான் அது. அது எப்படி இயங்குகிறது, அதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

வலையொலி: சின்னதாக ஒரு விளக்கம்

ஐபாட், பிராட்காஸ்ட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து உருவானதே பாட்காஸ்ட் என்ற சொல். 2004இல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ்க் கட்டுரையில் அது முதலில் தலைகாட்டியது. தமிழில் நாம் வலையொலி என்கிறோம். வானொலிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வானொலி அதன் நேரத்துக்கு வரும். வலையொலியை நமக்கு வசதிப்பட்ட நேரத்தில் கேட்கலாம். நிறுத்தலாம், பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்கலாம். மொழி கற்பவருக்கு இந்தப் "பின்னால் ஓட்டும்" வசதி பெரிய வரம்.

வெளிநாடுகளில் சிறிய ஊர்ப் பொது நூலகங்கள்கூட இதைச் செய்கின்றன. பெரிய செலவு கிடையாது. இரண்டு நூலகர், ஒரு ஒலிவாங்கி, அமைதியான ஓர் அறை. "இந்த வாரம் என்ன படிச்சீங்க?" என்று ஒருவர் தொடங்குவார். அரைமணி நேரம் பேச்சு ஓடும். நூலகத்துக்கு வந்து தயங்கி நிற்கும் ஒருவரிடம் முகப்பில் நின்று பேசும் அதே பேச்சுதான். முகப்பில் ஒருவருக்குப் போய்ச் சேர்வது இங்கே நூறு பேருக்குப் போய்ச் சேர்கிறது. 2020 ஏப்ரல் 7 முதல் சிங்கப்பூரில் நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை நடப்பில் இருந்தபோது நூலகக் கதவுகள் மூடியிருந்தன. கதவு மூடினாலும் பேச்சு போய்ச் சேர வேண்டும் என்பதை அந்த மாதங்களில் நாம் எல்லோருமே உணர்ந்தோம்.

ஏன் நூலகர்?

விமர்சகர் ஒரு நூல் நல்லதா கெட்டதா என்று எடைபோடுவார். நூலகரின் கேள்வி வேறு: "இது யாருக்குப் பொருந்தும்?" சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு இதைத்தான் சொல்கின்றன. வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் ஒன்று உண்டு. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரும் உண்டு. இவர்களைச் சேர்த்துவைப்பதே நூலகரின் வேலை. ஒரு வகையில் கல்யாணத் தரகர் வேலைதான்!

இந்தச் சேர்த்துவைக்கும் கலையை ஒலிபரப்புக்குக் கொண்டு போனவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகர் நான்சி பெர்ல். ஊர் முழுவதும் ஒரே புத்தகத்தைப் படித்துப் பேசும் திட்டம் 1998இல் அவரது முயற்சியில் அங்கே தொடங்கியது. பிறகு அது பல நகரங்களுக்குப் பரவியது. நம் தேசிய நூலக வாரியமும் 2005இல் 'வாசிப்போம் சிங்கப்பூர்' இயக்கத்தைத் தொடங்கியது. நான்கு மொழிகளிலும் கதைகளைத் தேர்ந்து, மக்களைப் படிக்கவும் கூடிப் பேசவும் வைத்தது. பெர்ல் வானொலியிலும் தொடர்ந்து நூல்களைப் பரிந்துரைத்து வந்தார். அவர் சொல்லும் இரண்டு கருத்துகள் நம் வகுப்பறைக்கு அப்படியே பயன்படும்.

முதல் கருத்து: நான்கு கதவுகள். வாசகர் ஒரு புத்தகத்துக்குள் நான்கில் ஒரு வாசல் வழியாக நுழைகிறார் என்பது அவர் கணிப்பு.

• கதை: அடுத்து என்ன நடக்கும் என்ற தவிப்பு.
• பாத்திரம்: இந்த ஆளை விட்டுப் போக மனசில்லை என்ற ஒட்டுதல்.
• களம்: கதை நடக்கும் ஊரும் காலமும்.
• மொழி: சொல்லும் அழகு, நகைச்சுவை, நடை.

ஒரு மாணவருக்கு எந்தக் கதவு பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் போதும், அடுத்த புத்தகத்தை அதே கதவு உள்ளதாகப் பார்த்துக் கொடுக்கலாம். கதைப்பொருள் வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது கருத்து: ஐம்பது பக்க விதி. 50 பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் மூடி வைக்கலாம். 50 வயதைத் தாண்டியவர் 100இலிருந்து தம் வயதைக் கழித்து, மிச்சம் வரும் பக்கங்களைப் படித்தால் போதும். பிடிக்காததைப் பாதியில் விட அனுமதி கிடைத்தால் பிள்ளைகள் புத்தகத்தைக் கையில் எடுக்கவே பயப்பட மாட்டார்கள்.

ஒரு மாதிரி உரையாடல்

பயிற்சிக்காக நாம் எழுதிய மாதிரி இது. இரண்டு நூலகர் பேசுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இளையவர்: அக்கா, போன வாரம் ஒரு பையன் வந்தான். உயர்நிலை மூணு. "பொன்னியின் செல்வன் படம் ரெண்டு பாகமும் பாத்துட்டேன், இனிமே புத்தகம் எதுக்கு?"ன்னு கேட்டான். எனக்குச் சட்டுனு பதில் வரல.

மூத்தவர்: நான் இருந்தா பதில் சொல்லியிருக்க மாட்டேன். படத்துல உனக்கு யாரைப் பிடிச்சுதுன்னு திருப்பிக் கேட்டிருப்பேன்.

இளையவர்: வந்தியத்தேவனைத்தான் பிடிச்சுதாம்.

மூத்தவர்: அப்போ வேலை சுலபமாச்சே! முதல் பாகத்துல பெரும்பாலும் அவன் கூடவேதான் நாம போறோம். ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஏரிக்கரையில குதிரை மேல வர்றான். கடம்பூர், குடந்தை, தஞ்சாவூர்னு போறான். போற இடத்துலெல்லாம் வாயைக் குடுத்து மாட்டிக்கிறான். படத்துல வேகமா ஓடிடற அந்தப் பயணம் புத்தகத்துல அத்தியாயம் அத்தியாயமா வரும்.

இளையவர்: ஆனா அஞ்சு பாகம் அக்கா! பார்த்தாலே பயந்துடுவாங்களே.

மூத்தவர்: அஞ்சையும் படின்னு யாரு சொன்னா? கடம்பூர் மாளிகையில ராத்திரி ஒரு ரகசியக் கூட்டம் நடக்கும், அதை அவன் ஒளிஞ்சிருந்து பார்ப்பான். அது வரைக்கும் படி. அதுக்கப்புறமும் மூடி வைக்க மனசு வந்தா, மூடி வச்சிடு.

இளையவர்: ஒரு குறையும் சொல்லிடறேன். ராஜா பேரு, ஊர் பேருன்னு நிறைய வருது. நான் ரெண்டு தடவை குழம்பிட்டேன்.

மூத்தவர்: உண்மைதான். நானும் ஒரு தாள்ல பேரெல்லாம் எழுதிப் புத்தகத்துக்குள்ள வச்சுக்கிட்டுதான் படிச்சேன். நீங்க யாரை மனசுல வச்சுக்கிட்டுப் படிச்சீங்க?

இந்தப் பேச்சில் என்ன நடந்தது என்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். "சிறந்த நூல்" என்று யாருமே சொல்லவில்லை. ஒரு கருத்து வந்தது. அதற்குக் காரணம் வந்தது. காரணத்துக்கு ஒரு காட்சி வந்தது. குறையையும் மறைக்காமல் சொன்னார்கள். முடிவை யாரும் போட்டுடைக்கவில்லை. கடைசியில் பேச்சு கேள்வியாக மற்றவரிடம் போனது. கருத்து, காரணம், காட்சி, கேள்வி. இந்த நான்கு படியும் காணொளி உரையாடலுக்கும் அப்படியே பொருந்தும். தேர்வாளரிடம் கேள்வி கேட்கத் தேவையில்லை; அந்த இடத்தில் "எங்க வீட்டுல என்ன நடக்கும்னா..." என்று சொந்த அனுபவத்துக்குப் போகலாம்.

எந்தத் தமிழில் பேசுவது?

"வலையொலியில் பேச்சுத்தமிழ் வந்தால் மாணவரின் எழுத்து கெட்டுவிடாதா?" என்று சில பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கவலைதான். தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் ஆராய்ந்த குழு 2005இல் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. படித்தவர்கள் பொதுவாகப் பேசும், எல்லோருக்கும் புரியும் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்று அது சொன்னது. வட்டார வழக்கோ கொச்சையோ அதன் நோக்கமில்லை. கட்டுரைக்கு எழுத்துத்தமிழ், உரையாடலுக்கு இந்தப் பொதுப் பேச்சுத்தமிழ். இரண்டையும் இடம் அறிந்து பயன்படுத்தத் தெரிந்தவரே நல்ல மாணவர்.

இதில் நமக்குச் சொந்த முன்னோடியும் உண்டு. புதுமைதாசன் என்ற புனைபெயரில் எழுதிய பி. கிருஷ்ணன், 2008இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். 1960களின் இறுதியில் அவர் எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' தொடர் நாடகமாகச் சிங்கப்பூர் வானொலியில் வந்தது. புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளின் வாழ்க்கையை நகைச்சுவையாகச் சொன்ன தொடர் அது. மக்கள் முதலில் காதால் கேட்டார்கள். பிறகுதான் அது புத்தகமானது. களக் கதவு பிடித்த மாணவருக்கு இதைவிட நெருக்கமான களம் வேண்டுமா? தன் புளோக்கின் தாழ்வாரத்தையே அவர் அதில் பார்க்கலாம்.

ஏன் இப்போதே?

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றனர். 2020இல் அது 2.5 விழுக்காடு. வீட்டில் தமிழ்ப் பேச்சு குறைந்தால் பிள்ளைக்குத் தமிழ் கேட்கும் இடம் எது? சிராங்கூன் சாலையில் கடைக்காரரிடம் விலை கேட்கும் தமிழ் காதில் விழும். கோயிலில், உணவகத்தில் விழும். ஆனால் "எனக்கு இப்படித் தோணுது, ஏன்னா..." என்று யோசித்துப் பேசும் தமிழ் அங்கெல்லாம் அதிகம் கிடைக்காது. தேர்வு கேட்பதும் அந்தத் தமிழைத்தான். தேர்வு முடிந்த பிறகும் அவர் தமிழில் வாழ வேண்டுமானால் அதற்குத் தேவைப்படுவதும் அதுவே.

வகுப்பில் செய்து பார்க்க

1. முதலில் கேட்கட்டும். மேலே உள்ள மாதிரியை இரண்டு ஆசிரியர்கள் பேசிப் பதிவு செய்து ஒலிக்கவிடலாம். முதல் முறை சும்மா கேட்க. இரண்டாம் முறை, கருத்து எது, காரணம் எது என்று குறிக்க. கேட்டல் கருத்தறிதலுக்கும் இது பயிற்சியாகும்.

2. நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம். தமிழ் நூல்கள் இருக்கும் பகுதியில் ஆளுக்கொரு புத்தகம் எடுக்கட்டும். 1965 முதல் 2015 வரை இங்கே வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் பலவற்றை மின்னிலக்கமாக்கும் திட்டம் பொன்விழா ஆண்டான 2015இல் நிறைவேறியது. நூலகத்துக்குப் போக முடியாதவர் இணையத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

3. ஐம்பது பக்க விதியைச் சிறுவர்களுக்குப் பத்துப் பக்கமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

4. இருவர் இருவராக நான்கு நிமிடம் பதிவு செய்யட்டும். கைப்பேசி போதும். எழுதி வைத்து வாசிக்கக் கூடாது. கதவின் பெயர், ஒரு காட்சி, ஒரு குறை என்று மூன்று குறிப்பு மட்டும் கையில் இருக்கலாம். தடுமாறினால் தடுமாறட்டும். "அது வந்து..." என்று யோசிப்பதும் பேச்சுதான்.

5. புத்தகத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். முழுக் கதையையும் வாசித்துப் பதிவேற்ற வேண்டுமானால் உரிமையாளரின் அனுமதி தேவை. பிள்ளைகளின் குரலைப் பள்ளிக்கு வெளியே பகிருமுன் பெற்றோரின் ஒப்புதலையும் வாங்கிவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: தேர்வுக்காக இருபது புத்தகத்தின் சுருக்கத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு புத்தகத்தைப் படித்து, அதைப் பற்றி ஒரு நண்பரிடம் ஐந்து நிமிடம் தமிழில் பேசிப் பாருங்கள். அவர் "அந்தப் புத்தகத்தை எனக்கும் குடேன்" என்று கேட்டால், உங்கள் உரையாடல் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.