குதிரை லாயமும் வியாபாரக் கணக்கும்

கடையின் முன்புறத்தை வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளையடித்து அழகாக வைத்திருக்கிறோம். பின்புறத்தில் பழைய கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. அதை இடிப்பதா, வைத்துக்கொள்வதா? இந்தக் கேள்வி நம்மில் பலருக்கும் உண்டு. லண்டன் மாநகரில் ஒரு மதுவிடுதிக்கும் அதன் குதிரை லாயத்துக்கும் நேர்ந்த கதை இதற்கு நல்ல பாடம்.

தேம்ஸ் நதியின் தென்கரையில் சதர்க் என்ற பகுதி. அங்குள்ள 'ஜார்ஜ் இன்' 1676ல் பெருந்தீயில் எரிந்து, 1677ல் மறுபடி கட்டப்பட்டது. 1729ல் புட்னியில் பாலம் வரும் வரை லண்டனுக்கு இருந்தது ஒரே ஒரு பாலம்தான். தெற்கேயிருந்து வரும் சரக்கெல்லாம் அந்தச் சாலையில்தான் வர வேண்டும். ஆகவே பாலத்துக்கு முன்பாகவே வரிசையாக விடுதிகள் முளைத்தன. நம் ஊர் வண்டிப்பேட்டை மாதிரிதான்.

முற்றத்தைச் சுற்றி மாடித் தாழ்வாரங்களோடு விருந்தினர் அறைகள். பின்கட்டில் லாயம், தீவனப் பரண், பார வண்டிகள் நிற்கும் இடம். நான்கு குதிரை பூட்டிய கோச் வண்டிக்குப் பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு முறை குதிரை மாற்ற வேண்டும். ஆக, லாயம் இல்லாத விடுதிக்குப் பிழைப்பே இல்லை. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைக் கெண்ட் விவசாயிகள் மூட்டை மூட்டையாக இந்தப் பகுதிக்குத்தான் அனுப்பினார்கள். அதை விற்றுக்கொடுக்க நம் கமிஷன் மண்டிக்காரர்களைப் போல அங்கேயும் தரகர்கள் இருந்தார்கள்.

1836ல் கூப்பிடு தூரத்தில் லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. நெடுந்தூர கோச் வண்டிகள் படிப்படியாக நின்றன. பிறகு கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி இந்த இடத்தைச் சரக்கு டெப்போவாக்கியது. 1889ல் கிடங்கு கட்டுவதற்காக விடுதியின் பெரும்பகுதியை இடித்தது. தெற்குப் பக்கம் மட்டும் தப்பியது. பக்கத்து விடுதியான 'டாபர்ட்' 1873லேயே போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரயில் வந்ததும் குதிரை ஒழிந்தது என்பார்கள். ஆனால் டெப்போவிலிருந்து கடை வாசல் வரை சரக்கை இழுத்தது, லாரி வரும் வரை, குதிரைதான்! வேலை மாறியதே தவிர, குதிரை உடனே போகவில்லை.

இன்று அந்த ரயில்வே கிடங்குகளும் இல்லை. தப்பிப் பிழைத்த தெற்குப் பக்கமோ 1937 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் சொத்தாகி, குத்தகையில் பப் நடக்கிறது. கோச் பயணிகள் காத்திருந்த அறை இப்போது மதுக்கூடம். படுக்கையறைகள் உணவகமாகிவிட்டன. வண்டிகள் திரும்பிய முற்றத்தில் மேஜை நாற்காலி போட்டிருக்கிறார்கள். லண்டனில் மாடித் தாழ்வாரத்தோடு மிஞ்சியுள்ள ஒரே கோச் விடுதி அதுதான் என்பதால், வெளிநாட்டினரும் தேடி வருகிறார்கள். இடித்திருந்தால் இந்த வருமானம் ஏது?

எங்கள் மண்டியின் பின்னாலும் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. லாரி சர்வீஸ் வந்தவுடன், இனி எதற்கு என்று இடித்து மரத்தை விறகு விலைக்குப் போட்டோம். சில வருஷங்களில் சரக்கு வைக்க இடமில்லாமல் வெளியே கிடங்கு வாடகைக்கு எடுத்தோம். இன்று வரை மாதாமாதம் வாடகை கொடுக்கிறோம். அகலமான வாசல், உயரமான கூரை, கல் பாவிய தரை, தண்ணீர் வடியும் கால்வாய், வண்டி வந்து போகத் தனி வழி: ஒரு கிடங்குக்கு வேண்டிய எல்லாம் அந்தக் கொட்டகையில் இருந்தன. அன்று எங்கள் கண்ணில் படவில்லை.

காலத்துக்கு உதவாததைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. சுவர் விரிசல் விட்டு ஆபத்தாக நின்றால் இடிக்கத்தான் வேண்டும். ஆனால் கடப்பாரையை எடுக்கும் முன், கொத்தனாரை அழைத்துச் சுவரையும் கூரையையும் பாருங்கள். பழுது பார்க்க என்ன செலவு, வேறு இடத்துக்கு என்ன வாடகை என்று பேரேட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்கே வழி சொல்லும்.