பிடித்த பிறகே வெட்டு

பிரம்மதேசம் ஊரைச் சுற்றி நெல்லும் மல்லாட்டையும் விளைகிற வயல்களில் எலி உண்டு. எலியைத் தேடி வரும் கண்ணாடி விரியனும் உண்டு. அது கடித்து மருத்துவமனைக்கு வந்தவரின் ரத்தத்தில் 2 மில்லியைப் புதுக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் ஆடாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து உடனே வேண்டும். அதைத் தயாரிப்பதற்கான விஷத்தை எடுத்துத் தருவது, 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

உண்மையில் இந்த விஷம் ரத்தம் உறைவதைத் தடுப்பதில்லை, தூண்டுகிறது. உடலெங்கும் ஒரே சமயத்தில் உறைதல் தொடங்குவதால் அதற்கான புரதங்கள் சில மணி நேரத்தில் செலவாகிவிடுகின்றன. பிறகு ஈறில் கசியும் ரத்தத்தை நிறுத்தக்கூட எதுவும் மிஞ்சாது.

ரத்தத்தில் எத்தனையோ புரதங்கள் மிதக்க, விஷத்தின் நொதி குறிப்பாக, உறைதலுக்கான புரதங்களில் ஒன்றான பத்தாம் காரணியைத் தேடிப் பிடிப்பது எப்படி?

முதலில் நம் நொதிகளைப் பார்ப்போம். குடலில் பருப்பைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதி, ஆர்ஜினின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டும். ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கொடுத்தால் முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் துண்டாக்க வல்லது. அதே குடும்பத்தைச் சேர்ந்த திராம்பினோ அதே புரதத்தில் 4 இணைப்புகளை மட்டும் வெட்டுகிறது. அந்த நான்கும் போதும். ஃபைப்ரினோஜன் ஃபைப்ரினாகி, வலையாகக் கோத்துக்கொள்கிறது.

திராம்பினின் வெட்டும் பள்ளம் குறுகலானது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பள்ளத்துக்கு அப்பால் அதன் மேற்பரப்பில் இருக்கும் நேர்மின்னூட்டத் திட்டு. ஃபைப்ரினோஜன் அங்கே பற்றிக்கொள்கிறது. கதிர் அறுப்பவர் இடது கையில் தாளைக் கொத்தாகப் பிடித்த பிறகுதான் கருக்கரிவாளை வைப்பார். எதை அறுப்பது என்று முடிவு செய்வது பிடித்த கை. அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடின் இந்தத் திட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே அடைத்துவிடும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்க நேரமாவதற்கு இதுவும் ஒரு காரணம். திராம்பினைப் பிறப்பிக்கும் நொதிக் கூட்டும் வெட்டுமிடத்துக்கு வெளியே பிடித்தே தன் புரதத்தை அறிகிறது என்பதை 1997இல் ஸ்ரீராம் கிருஷ்ணசாமியின் ஆய்வு காட்டியது.

விரியனின் நொதி டிரிப்சின் குடும்பமே அல்ல. துத்தநாகத்தை வைத்து வெட்டும் வேறு வம்சம். ஆனாலும் பத்தாம் காரணியின் கால்சியம் ஏந்திய முனையை ஒரு பகுதியால் பற்றி, தள்ளியிருக்கும் இன்னொரு பகுதியால், நம் ஒன்பதாம் காரணி வெட்டும் அதே ஒற்றை இணைப்பை வெட்டுகிறது. தொடர்பே இல்லாத இரு வம்சங்கள் ஒரே இணைப்பில் வந்து நிற்பதை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

1934இல் லண்டனில் மக்ஃபார்லேனும் பார்னெட்டும் இந்த விஷத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்து, ஹீமோஃபீலியா நோயாளிகளின் காயத்தில் தடவி ரத்தத்தை நிறுத்தினார்கள். பத்தாம் காரணி என்ற பெயர்கூட அப்போது கிடையாது. அந்த நோயாளிகளிடம் எட்டாம் அல்லது ஒன்பதாம் காரணி குறைவு. விஷமோ அவற்றை எதிர்பார்க்காமல் நேரே பத்தாவதைப் பிடித்துவிடுகிறது.